டயாலிசிஸ்ல இருக்குற அம்மா, கோயில் சமையலுக்கு வருவேன்னு நிக்கிறாங்க

யாங்கோன்ல இருந்து கேக்குறேன். அம்மாவுக்கு வாரா வாரம் டயாலிசிஸ் ஓடுது, ஆனா பீலிக்கான் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வந்தே தீருவேங்குறாங்க, வேண்டாம்னா மூஞ்ச தூக்கி வச்சுக்குறாங்க, என்ன பண்றது?

பதில்: வராதீங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்கள இணைச்சு வச்சிருக்குறது) போட்ட கைல அண்டா குண்டா தூக்கக் கூடாது, இறுக்கமா வளையல் கூடாது, பிரஷரும் அந்தக் கைல பாக்கக் கூடாது. உக்காந்து காய் நறுக்கட்டும். உப்பு பாக்குற வேலை மட்டும் வேற யாருக்காச்சும் குடுங்க 😄

பதில்: டயாலிசிஸ் அன்னிக்கு ஆள் அசந்து போயிடுவாங்க, அன்னிக்கு வேணாம். வெயிலுக்கு இதமா இருக்கும்னு யாராவது இளநீர நீட்டுவாங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, அவங்களுக்கு ஆகாது, வாழைப்பழமும் அப்படித்தான், தண்ணியும் டாக்டர் சொன்ன அளவுதான். எங்கப்பா இப்ப நாற்காலி போட்டு உக்காந்துதான் பந்திக்கு ஆள் அனுப்புறாரு, முன்னைக்கு இப்ப அதிகாரம் தூக்கல்!

கேட்டவர்: நாற்காலி சரிதான்க்கா, மளிகை லிஸ்ட்டும் அம்மாகிட்டயே குடுத்துடுறேன்.