எம்.எஸ். உள்ளவர்களே, ராத்திரி வியர்வைக்கு என்ன செய்கிறீர்கள்?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எம்.எஸ்., அதாவது மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய். கொஞ்ச காலமாக ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது. ஃபேன் ஓடும்போதே நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, தலையணை உறையைப் பிழியலாம் போல ஈரம். உடம்பு சூடேறினாலே எனக்குக் கண் மங்கும், கால் கனக்கும். அதனால் விடியும்போதே சோர்ந்துவிடுகிறேன்.

தைராய்டு, காசநோய்ப் பரிசோதனை இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மனச்சோர்வுக்கு எடுக்கும் செர்ட்ராலின் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையே நோய் பாதித்திருக்கவும் வாய்ப்புண்டாம்.

உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா? டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றியதில் குறைந்ததா? ஏசியைக் கூட்டினால் எனக்குக் கால் விறைத்துக்கொள்கிறது. ஜெல் தலையணை, கூலிங் வெஸ்ட் (உடம்பைக் குளிர வைக்கும் மேல்சட்டை) வாங்கியவர்கள் பிரயோஜனம் உண்டா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.