மறு: வினவலுக்குள் மதிப்புப் பட்டியல்: கலைச்சொல் பரிந்துரை

> 'மதிப்புச் செருகல்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாகப் புரியும்.

வணக்கம். தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலில் (query) மதிப்புகளை, அதிலும் ஒரு பட்டியலையே, சேர்த்து அனுப்பும் முறைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

எளிதாகத்தான் புரியும், ஆனால் தவறாகப் புரியும். 'செருகல்' என்றால் வினவல் வாக்கியத்துக்குள்ளேயே மதிப்பை எழுதிவிடுவது என்றாகிறது. நாம் தடுக்க நினைப்பதே அதைத்தான். டி'சூசா என்று ஒரு பெயர் வந்தால் போதும்: எழுத்துச் சரங்களை (string) ஒட்டி எழுதிய வினவலில் அந்த மேற்கோள் குறி பெயரை 'டி'யோடு முடித்துவிடும், மீதியைத் தரவுத்தளம் கட்டளையாகப் படிக்கும். எஸ்கியூஎல் ஊடுருவல் (SQL injection), அதாவது உள்ளீட்டின் வழியாகக் கட்டளையைப் புகுத்தும் தாக்குதல், நுழைவதும் இதே ஓட்டையில்தான். முன்தயார் வினவலில் (prepared statement) மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் இட்ட வாக்கியம் தனியே போகிறது, மதிப்பு தனியே போகிறது. மதிப்பு கடைசிவரை வாக்கியத்தின் பகுதி ஆவதில்லை. அதனால் 'பிணைப்பு' (binding) என்பதே என் பரிந்துரை.

கேள்விக்குறி நிற்கும் இடத்துக்கு 'இடப்பிடி' (placeholder). பேருந்து இருக்கையில் போடும் துண்டு மாதிரி, ஒரு துண்டுக்கு ஓர் ஆள்தான். பட்டியல் அனுப்பும்போது பலரும் இடறுவது இங்கேதான். 'இன்' (IN: பட்டியலில் ஏதாவது ஒன்றோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சொல்) அடைப்புக்குள் ஒரே கேள்விக்குறி வைத்து '3,7,12' என்று பிணைத்தால், போவது மூன்று எண்கள் அல்ல, ஒரே சரம். எண் நெடுவரிசையோடு ஒப்பிடும்போது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அதை 3 என்று மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் காணாமல் போகும், வினவல் ஓடியது போலவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ பிழை காட்டி நிறுத்திவிடும், அது நல்லது.

சரி, 'பட்டியல் பிணைப்பு' என்று பொதுப்பெயர் வைக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு வேறு முறைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்.

மூன்று மதிப்புக்கு மூன்று கேள்விக்குறிகளை நிரல் உருவாக்கித் தருவது 'விரித்துப் பிணைத்தல்'. பட்டியல் நீண்டால் இது வரம்பில் முட்டும்: எஸ்கியூஎல் சர்வரில் 2100 அளபுருக்கள் (பிணைக்கும் மதிப்புகள்), 3.32 பதிப்புக்கு முந்தைய எஸ்கியூலைட்டில் இயல்பாக 999. போஸ்ட்கிரெஸில் முழு அணியையும் (array) ஒரே இடப்பிடியில் அனுப்பலாம், அது 'அணியாகப் பிணைத்தல்'. வெற்றுப் பட்டியல் வந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். விரித்தால் வெறும் அடைப்புக்குறி மிஞ்சி, போஸ்ட்கிரெஸில் தொடரியல் பிழை. அணியாக அனுப்பினால் பொருந்தும் பதிவு இல்லை என்று முறையான விடை.

இடப்பிடிக்குப் 'பதிலி' என்று முன்பு வந்த யோசனையை ஏற்க முடியவில்லை. பதிலிச் சேவையகம் (proxy server) என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

அப்புறம், அட்டவணை, நெடுவரிசைப் பெயர்களைப் பிணைக்க முடியாது, அவற்றை அனுமதித்த பெயர்களோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும் என்பதையும் 'பிணைப்பு' விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுவோம். 'இடப்பிடி'யில் யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.