ஹட்ஸ்வெல்: ஊரே சேர்ந்து வாங்கிய பப்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அதனால் இங்கிலாந்து வந்து இரண்டு வருஷம் எந்த பப்புக்குள்ளும் நுழைந்ததில்லை. அந்தத் தயக்கம் தீர்ந்தது வட யார்க்‌ஷயரில், ஹட்ஸ்வெல் என்ற சின்ன ஊரில்.

ரிச்மண்டில் இறங்கி, ஸ்வேல் ஆற்றை ஒட்டியே நடந்தோம். ஊர் மேட்டில் இருக்கிறது. இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கும் காட்டுக்குள் 300க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். தூறலில் படியெல்லாம் வழுக்கல். மூச்சு வாங்க மேலே வந்தால் ஒரே வெட்டவெளி. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள், புல்வெளியில் செம்மறி ஆடுகள், ஒரு தெரு, அதில் 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' என்ற பப்.

ஷூவெல்லாம் சேறு. வாசலிலேயே நின்றுவிட்டேன். நாயோடு வந்த பெரியவர் ஒருவர், "இங்கே வர்ற எல்லார் காலிலும் சேறுதான், வாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தார்.

மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுன்டருக்குப் போய் நாமேதான் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் ஜிஞ்சர் பீர் வாங்கினேன். பெயரில்தான் பீர், உண்மையில் இஞ்சி சோடா. ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

2008இல் இந்த பப் மூடிவிட்டதாம். ஊருக்குக் கூடிப் பேச இருந்த இடம் போய்விட்டது. ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பங்கு விற்றுப் பணம் திரட்டி, 2010இல் தாங்களே வாங்கிவிட்டார்கள். உள்ளேயே குட்டி நூலகம், தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன மளிகைக் கடை, பின்னால் ஊரார் காய்கறி போடும் பாத்திகள். 2016ஆம் ஆண்டின் நாட்டிலேயே சிறந்த பப் என்று, பாரம்பரிய பீருக்காகவும் பப்புகளுக்காகவும் குரல் கொடுக்கும் காம்ரா அமைப்பு விருதும் கொடுத்தது. ஆனால் என் மனசில் நின்றது விருது இல்லை.

பால் வாங்க ஒரு அம்மா வந்தார். நூலகப் புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொண்டே, தெருக்கோடி வீட்டுத் தாத்தாவை இரண்டு நாளாகக் காணோமே என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "சளிதான். சூப் இருக்கான்னு கேக்கிறார்" என்றார். கிண்ணத்தை மூடித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு மறுபடி மழையில் இறங்கினார்.