கேட்வே ஆஸ்திரியாவில், சென்சார் ஸ்லோவேனியாவில்: அலைவரிசைக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

ஈரமண் (பெங்களூரு) எழுதியது:

வணக்கம். பீன்யாவில் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை நடத்துகிறோம். மண்ணின் ஈரத்தை அளந்து லோரா என்ற, குறைந்த சக்தியில் சின்னச் செய்திகளை அனுப்பும் ரேடியோ முறை வழியாக அனுப்பும் சென்சார்தான் எங்கள் தயாரிப்பு. ஒசூர் பக்கம் ரோஜாப் பசுமைக்குடில்களில் மூன்று வருடமாக ஓடுகிறது. மோட்டார் போடலாமா வேண்டாமா என்று அங்கே இப்போது போனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

இப்போது வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் தென்கிழக்கில் ஸ்டீரியா என்று ஒரு பகுதி. அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். நாட்டு எல்லை அவர்கள் நிலத்துக்குள்ளேயே போகிறது. வீடும் மேல் சரிவும் ஆஸ்திரியா, கீழ்ச் சரிவு ஸ்லோவேனியா. மொத்தம் 60 சென்சார், அவற்றின் செய்திகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டியான கேட்வே ஒன்று. கேட்வே வீட்டுக் கூரைமேல் இருக்கும். 25 சென்சார் ஸ்லோவேனிய மண்ணில் புதைந்திருக்கும். இது சரியாக நடந்தால் அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் சுவிட்சர்லாந்திலும் இன்னொருவர் செர்பியாவிலும் வாங்கத் தயார்.

இங்கே ஒரு ஆலோசகரைப் பார்த்தோம். நாட்டுக்கு நாடு தனி லைசென்ஸ் வேண்டும், சிக்னல் எல்லை தாண்டுவதால் இரண்டு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும் என்றார். அவர் கேட்ட கட்டணம் எங்கள் ஆர்டர் தொகையைவிடப் பெரியது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. உண்மையிலேயே இப்படித்தானா? ஐரோப்பாவில் இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

கருவி இப்போது 865 மெகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட்டில் அனுப்புகிறது. 2 நிமிடத்துக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் கேட்வே 'கிடைத்தது' என்று பதில் தரும்.

வானலைப்பிரியன் எழுதியது:

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே சந்தைதானே. சிஇ முத்திரை போட்டுவிட்டால் ஐரோப்பா முழுக்க விற்கலாம். ஆலோசகர் சும்மா பயமுறுத்துகிறார்.

அல்சூர்வாசி எழுதியது:

அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் சென்சாருக்கு ஆஸ்திரியாவிலும் வேண்டாம், ஸ்லோவேனியாவிலும் வேண்டாம், தனி லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. ஆனால் இன்றைக்கு இருக்கிற ஃபர்ம்வேரோடு (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அனுப்பினால் விதியை மீறுவீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொலைத்தொடர்புத் துறையில் மைக்ரோவேவ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு டவர் எழுப்ப வேண்டும் என்றால் டவர் இடத்துக்கு ஒப்புதல் தரும் சாக்ஃபா குழுவின் அனுமதிக்கு டெல்லிக்குப் படிவம் அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் டவர் இருந்தாலும் அந்தப் பக்கம் ஒசூரில் இருந்தாலும் கேட்க வேண்டிய இடம் ஒன்றே, டெல்லியில் உள்ள மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி. மாநில எல்லை அலைக்கற்றைக்கு எல்லையே இல்லை. ஐரோப்பாவில் அப்படியில்லை. பாசல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் தனித்தனி அரசு, அலைவரிசைக்கு மூன்று தனித்தனி அதிகார அமைப்பு. அவரவர் இஷ்டத்துக்கு ஒதுக்கினால் ஒருவர் பேச்சு அடுத்தவர் ரிசீவரில் இரைச்சலாக விழும். அவர்கள் பேசி முடிவு செய்யப் பழகியது இந்த நெருக்கடியால்தான்.

அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, செப்ட் என்பார்கள். 1959இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் 19 நாடுகளின் அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கு 46 நாடுகள். ரஷ்யாவும் பெலாரஸும் 2022இல் இடைநீக்கம் செய்யப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது 27 நாடுகள்தான். ஆக சுவிட்சர்லாந்து, செர்பியா, துருக்கி, பிரிட்டன், உக்ரைன் எல்லாம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் இந்த மேசையில் உட்காருகின்றன. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனது, செப்டை விட்டுப் போகவில்லை. 'ஐரோப்பா என்றால் ஒன்றியம்' என்று மேலே தம்பி எழுதியது இந்த இடத்தில்தான் தவறுகிறது.

செப்டுக்குள் மின்னணுத் தகவல்தொடர்புக் குழு ஒன்று இருக்கிறது. பொறியாளர்கள்தான் அதில் பெரும்பாலும் பேசுவார்கள். எந்த பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) எவ்வளவு சக்தியில் அனுப்பினால் பக்கத்து பேண்டுக்குத் தொந்தரவு வராது என்று கணக்குப் போட்டு, முடிவையோ பரிந்துரையையோ எழுதுகிறார்கள். கோபன்ஹேகனில் இருக்கும் அலுவலகம் அவற்றைத் தொகுத்து வைக்கிறது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த முடிவு எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாது. ஏற்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம்.

விருப்பம் என்றால் யார் மதிப்பார்கள் என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஜிஎஸ்எம் என்ற மொபைல் போன் முறையின் கதையைப் படித்த பிறகுதான் மனசு மாறியது. 1980களில் அங்கே மொபைல் போன் நாட்டுக்கு நாடு வேறு. வட நாடுகளில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, பிரான்சில் ஒன்று. காரில் எல்லை தாண்டினால் போன் வெறும் பெட்டி. 1982இல் செப்ட் ஒரு சிறு குழுவை அமைத்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறையை உருவாக்கச் சொன்னது. அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கம்தான் ஜிஎஸ்எம். 1987இல் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் நிறுவனங்கள் இதே முறையில் வலையமைப்பு கட்டுவோம் என்று கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஐரோப்பியச் சமூகம் 900 மெகாஹெர்ட்ஸில் இடத்தை ஒதுக்கிச் சட்டம் போட்டது. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பு. நாலே வருடத்தில், 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமோடு மொபைலில் பேசினார். அந்த ஒப்பந்தம் நம் கைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அப்போது நடந்த அதே முறைதான் இன்றும். ஒன்றியத்தின் ஆணையம் 'இதை ஆராய்ந்து சொல்லுங்கள்' என்று செப்டிடம் கேட்கும். செப்ட் தொழில்நுட்ப அறிக்கை தரும். அதை வைத்து ஆணையம் முடிவு வெளியிட்டால் 27 நாடுகளுக்கும் அது கட்டாயம். இதற்கு வழி செய்தது 2002இல் வந்த அலைக்கற்றை முடிவு, எண் 676. முதலில் பொறியாளர்கள் ஒத்துப்போகிறார்கள், சட்டம் பின்னால் வருகிறது. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி உங்கள் சென்சார். குறைந்த சக்தியில் கொஞ்ச தூரம் அனுப்பும் கருவிகளுக்கென்று செப்டின் பரிந்துரை 70-03 இருக்கிறது. ஒன்றியத்துக்குள் அதே விஷயத்தைக் கட்டாயமாக்கும் ஆணைய முடிவு 2006/771. பலமுறை திருத்தியிருக்கிறார்கள், கடைசித் திருத்தத்தைப் படியுங்கள். உங்கள் தேவைக்கு 868.0 முதல் 868.6 மெகாஹெர்ட்ஸ் வரை பொருந்தும். அங்கே யாரும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு நிபந்தனை: அடுத்தவருக்கு இடையூறு தரக்கூடாது, நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்கவும் கூடாது. ஸ்லோவேனியச் சென்சார் ஆஸ்திரியக் கேட்வேயோடு பேச இரண்டு அரசின் ஒப்புதல் வேண்டாம் என்பது இதனால்தான். எல்லையோர ஒருங்கிணைப்பு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, ஆனால் அது மொபைல் டவர் மாதிரி லைசென்ஸ் பெற்ற நிலையங்களுக்கு. எல்லைக் கோட்டில் சிக்னல் எவ்வளவு இருக்கலாம், எந்த அலைவரிசையில் யாருக்கு முன்னுரிமை என்று பக்கத்து நாடுகள் எழுதி வைத்துக்கொள்கின்றன. ஆலோசகர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மீறல் எங்கே என்றால், அந்த இடத்தில் அனுமதி 25 மில்லிவாட்தான், அதுவும் ஆன்டெனாவையும் சேர்த்துக் கணக்கிட்டு. நம் ஊர் விதி 1 வாட் வரை விடுகிறது, நீங்கள் அந்தத் தாராளத்தில் பழகிவிட்டீர்கள். அப்புறம் டியூட்டி சைக்கிள் 1 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 36 விநாடிதான் வாயைத் திறக்கலாம். லோராவில் மிக மெதுவான வேகத்தில் ஒரு சின்னச் செய்திக்கே ஏறக்குறைய ஒன்றரை விநாடி போகும். 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 30 செய்தி, 45 விநாடி. தாண்டிவிட்டீர்கள்.

ஈரமண் எழுதியது:

சார், இதை எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது.

மண்ணின் ஈரம் 2 நிமிடத்தில் மாறப்போவதில்லை. ஒசூரில் தோட்டக்காரர்கள் அடிக்கடி பார்க்க ஆசைப்பட்டதால் அப்படி வைத்தோம். அரை மணிக்கு ஒன்று என்று மாற்றிவிடலாம். கேட்வேக்கும் இந்த 36 விநாடி உண்டா?

அல்சூர்வாசி எழுதியது:

உண்டு, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். கேட்வேயும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தானே. 60 சென்சாரும் அரை மணிக்கு ஒன்று அனுப்பினால் மணிக்கு 120 செய்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி பதில் என்றாலே 120 விநாடி, கேட்வேயின் 36 எங்கே போகும்? பதிலை நிறுத்துங்கள். ஒரு அளவு தவறினால் அடுத்தது வரத்தானே போகிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் 'இருக்கிறாயா' என்று கேட்டால் போதும். கட்டாயம் பதில் வேண்டிய செய்தி இருந்தால் 869.4 முதல் 869.65 வரை ஒரு குறுகிய இடம் இருக்கிறது. அங்கே 500 மில்லிவாட், 10 சதவீதம். கேட்வே பேசுவதற்கு அதுதான் வசதி.

சுவிட்சர்லாந்துக்கும் செர்பியாவுக்கும் ஆணைய முடிவு நேரடியாகச் செல்லாது. 70-03 பரிந்துரையின் பின்னிணைப்பில் எந்த நாடு எதை ஏற்றது, எங்கே கட்டுப்பாடு வைத்தது என்று நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். கோபன்ஹேகன் அலுவலகத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆர்டர் உறுதியாகும் அன்றைக்கு அந்த இரண்டு நாட்டின் வரிசையையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள், யாரையும் நம்பி விடாதீர்கள்.

சோதனைக்கூடம் எழுதியது:

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு டெஸ்டிங் லேபில் வேலை செய்கிறேன். பெரியவர் அலைவரிசைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கருவிப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

சிஇ முத்திரை என்பது அலைவரிசை அனுமதி அல்ல. ரேடியோ கருவிச் சட்டம் 2014/53க்கு உங்கள் கருவி உட்பட்டது என்ற உங்கள் சொந்த உறுதிமொழி அது. ரேடியோ பக்கத்துக்கு ஈஎன் 300 220 என்ற தரத்தின்படி சோதனை செய்யுங்கள். அது பிரான்சின் சோஃபியா ஆன்டிபோலிசில் இருக்கும் எட்சி என்ற தர நிர்ணய அமைப்பு எழுதியது. 1988இல் செப்டிலிருந்து பிறந்த அமைப்புதான் அதுவும். மின்பாதுகாப்புக்கும் மின்காந்த இடையூறுக்கும் தனிச் சோதனை உண்டு. பொருந்தும் தரங்களை முழுமையாகப் பின்பற்றினால் அறிக்கைகளை வைத்து உற்பத்தியாளரே அறிவிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தோடு தொடர்புகொள்ளும் ரேடியோ கருவிகளுக்கு இணையப் பாதுகாப்பு நிபந்தனையும் சேர்ந்துவிட்டது. வேறொரு கருவி வழியாக இணையத்துக்குப் போனாலும் கணக்கில் வரும். கேட்வேயில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். சோதனைக்குக் கொண்டுவரும்போது இறுதி ஃபர்ம்வேரோடு வாருங்கள். 100 மில்லிவாட்டில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு விற்கும்போது 25 ஆக்குகிறேன் என்றால் அறிக்கை செல்லாது.

ஈரமண் எழுதியது:

பாஸ்வேர்டு விஷயம் எங்களுக்குச் சுருக்கென்று பட்டது, ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தோம். இன்றைக்கே மாற்றுகிறோம்.

நேற்று இரவு ஃபர்ம்வேரைத் திருத்தினோம். 868.1, 868.3, 868.5 மூன்று சேனல், அரை மணிக்கு ஒரு செய்தி, கேட்வே பதில் ஒரு நாளைக்கு ஒன்று. சக்தியைக் குறைத்ததால் கீழ்ச் சரிவிலிருந்து சிக்னல் கூரைக்கு எட்டுமா என்பதுதான் இப்போதைய கவலை. வரும் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், சரிவும் தூரமும் ஏறக்குறைய ஒத்துவருகிற இடத்தில், நம் ஊர் 865லேயே அதே 25 மில்லிவாட்டில் வைத்துப் பார்க்கப் போகிறோம். தோட்டக்காரர் சம்மதித்துவிட்டார். முடிவை இங்கேயே எழுதுகிறேன்.