பாலக்காட்டு எல்லையில் இசைக்கு எதை வாங்கலாம்: நம்மவர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இசைக்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நம்ம ஊர்க் காற்றை மனசில் வைத்துக்கொண்டு வாங்குங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு எல்லாமே பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து ஈரக்காற்று. மார்கழி, தையில் கிழக்கேயிருந்து உதடு வெடிக்கிற வறட்டுக்காற்று. தோல் வாத்தியமும் சரி, மைக்கும் சரி, இந்தக் காற்றிலிருந்து தப்புவதில்லை. சென்னையில் இருக்கிறவர் எழுதும் பரிந்துரை நமக்குப் பாதிதான் பொருந்தும். அதனால் இங்கேயே வைத்துப் புழங்கிய சாமான்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் மிருதங்கம் வாசிப்பவன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மிருதங்கம் வேண்டுமென்றால் பெருவெம்புக்குப் போங்கள். தத்தமங்கலம், புதுநகரம் வழியாகப் பாலக்காடு போகும் பாதையில் இருக்கிற ஊர். செண்டை, மத்தளம், திமிலை, மிருதங்கம் எல்லாவற்றையும் அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையிலேயே செய்கிறார்கள். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் ஊரை வைத்துக்கொண்டு, படம் பார்த்து ஆன்லைனில் மிருதங்கம் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தெரிந்த ஒரு பையனுக்கு அப்படி வந்த கட்டை பலாமரமே இல்லை. மேலே பலகைநிறச் சாயம் பூசியிருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் விரிசல் விட்டது.

பெருவெம்பில் எனக்குச் செய்து கொடுத்த சேட்டன் முதலில் கேட்டது, "யாருக்கு வாசிக்கிறீங்க?" என்றுதான். விலையெல்லாம் அப்புறம்தான் வந்தது. பெண் பாடகிகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதி (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு) என்றால் 22 அங்குல நீள மரக்கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை என்றால் 24 அங்குலம். ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துப் பிடித்தால் தோல் சீக்கிரம் போய்விடும் என்றார். முதல் மிருதங்கம் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அங்கே உட்கார்ந்து, மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலைக்குச் சோறு வைப்பதை ஒரு தடவையாவது பாருங்கள். நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அதுதான் சோறு. பெயருக்கு ஏற்றபடி வடித்த சோறும் கறுப்புக் கல்பொடியும் சேர்த்துப் பிசைந்த பசை அது. சேட்டன் ஒரு சிட்டிகை எடுத்துத் தோலில் வைத்து விரலால் பரத்துவார். உடனே வழவழப்பான கல் ஒன்றால் தேய்க்க ஆரம்பிப்பார். பசை காய்ந்து பளபளப்பு ஏறும்வரை கல் நிற்காது. அப்புறம் அடுத்த சிட்டிகை. மேலே போகப் போக வட்டம் சிறிதாகிக்கொண்டே வரும். நடுநடுவே தலையைச் சாய்த்து ஆள்காட்டி விரலால் ஒரு 'நம்' தட்டிப் பார்ப்பார். அரைமனசாக இருந்தால் இன்னொரு சிட்டிகை. தேய்க்கத் தேய்க்கச் சோற்றில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகளால்தான் தோல் விறைத்துப்போகாமல் நாதம் விரிகிறது. அதைப் பார்த்து வந்தபின் வாத்தியத்தைத் தூக்குவது, வைப்பது எல்லாமே எனக்கு மாறிவிட்டது.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: குச்சியா, கப்பியா? மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். பொடிக்கல் போட்டால் கப்பி. எனக்குப் பிடித்தது குச்சிதான், அதன் ரீங்காரம் மெலிசாக, நீளமாக நிற்கும். வேகமாக, கூர்மையாகச் சொல் விழவேண்டும் என்பவர்கள் கப்பி வாங்கலாம்.

தோலை இழுத்துக் கட்ட வாரா, போல்ட்டா என்றும் கேட்பார்கள். வீட்டில் சாதகத்துக்கு நட்டு-போல்ட் வைத்ததையே சொல்வேன். ஆடிமாதத்தில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும்போது ஸ்பேனரால் ஏற்றிவிடலாம், வார் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. மேடைக்கு வார்தான். பாரமும் குறைவு, கட்டை முழுதாக அதிர்கிற மாதிரி காதுக்குப் படுகிறது. எதுவாக இருந்தாலும் சுருதி ஏறட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள். தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், வைத்த ரவையை வாசித்து முடித்ததும் ஒட்டச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். விட்டால் முதலில் எறும்பு வரும், அப்புறம் எலி.

அடுத்தது ரெக்கார்டர். நான் வைத்திருப்பது ஜூம் எச்1என். சட்டைப்பைக்குள் அடங்கும், இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி போதும். அதை நெம்மாறா வல்லங்கி வேலாவுக்குக் கொண்டுபோனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. மீனமாதம் 20-ஆம் தேதி, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், நெம்மாறாவும் வல்லங்கியும் போட்டிபோட்டு நடத்துகிற திருவிழா. ஐந்து வாத்தியங்கள் சேரும் பஞ்சவாத்தியம், அப்புறம் செண்டை முழங்கும் பாண்டிமேளம், வெடிக்கட்டு என்கிற வாணவேடிக்கை. செல்போனில் பதிவு செய்தால் செண்டை ஓங்கி விழும்போதெல்லாம் போன் தானாக ஒலியை அமுக்கிவிடும். அடுத்த நொடியில் மறுபடி தூக்கும். கேட்கும்போது மேளமே மூச்சுவாங்குகிற மாதிரி இருக்கும். இந்த ரெக்கார்டரில் தானியங்கி அளவை அணைத்துவிட்டு, கையால் குறைத்து வைக்கலாம். மைக் 120 டெசிபல் வரை தாங்கும்.

பஞ்சவாத்தியத்தில் திமிலைக்காரர்கள் ஒரு வரிசை, எதிரே மத்தளக்காரர்கள் ஒரு வரிசை. இடக்கை என்கிற சிறு மேளம் இரண்டு ஓரத்திலும் நிற்கும். நான் ஓரத்தில் இடக்கைக்குப் பக்கமாக நின்று எடுத்தேன். கயிற்றை அழுத்தி அழுத்தி அந்தக் கலைஞர் ஸ்வரம் ஏற்றி இறக்கியது, பின்னால் கொம்பு முழங்கும்போதும் தனியாகக் கேட்கிறது. வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, பதிகாலம் என்கிற மெதுவான தொடக்கப் பகுதியில் திமிலை விட்டுக்கொடுக்கிற இடத்தை மத்தளம் எப்படி வாங்குகிறது என்று இப்போது ஓரளவு பிடிபடுகிறது. மிருதங்கக்காரன் தனி ஆவர்த்தனத்தில் (கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் இடத்தில்) வாங்கிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரியில் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். அந்த ஊர்க்காரர்களாகிய நாம் மைக்கைப் பரிந்துரை செய்யலாமா என்று சிலர் கேட்கலாம். மேடையில் ஒலி பெருக்குவது வேறு, கற்றுக்கொள்ளப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதை நான் மனசார ஆதரிக்கிறேன்.

கோவிந்தாபுரத்திலிருந்து:

அண்ணா, மிருதங்கத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள், பாட்டுப் பக்கம் நான் எழுதுகிறேன். வீட்டில் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்தும் வருகிறார்கள்.

என் முதல் பரிந்துரை, பாட்டுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டே இருக்கும் எலக்ட்ரானிக் தம்புரா, அதுவும் ராடெல். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்பவர் 1979-இல் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். எஞ்சினியர், புல்லாங்குழலும் வாசிப்பவர். பாடுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கை செய்த பெட்டி என்பது திருகும்போதே தெரியும். ஒரு திருகில் சுருதி, இன்னொன்றில் பஞ்சமமா மத்தியமமா என்று மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான், குழந்தை தானே வைத்துக்கொள்ளும்.

"போனில் சும்மா கிடைக்கிறதே, எதற்குத் தனியாக?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். செயலிகளில் குறை ஒன்றும் இல்லை, சில மிக நன்றாகவே இருக்கின்றன. போனின் ஸ்பீக்கர்தான் போதாது. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு மத்திய ஸட்ஜம், அதாவது நடு ஸ்தாயி 'ஸ', ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', அதில் பாதி, 65. போனின் குட்டி ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கொடுக்கவே முடியாது. அதன் மேல் அதிர்வுகள் மட்டும் வரும், காது மீதியை ஊகித்துக்கொள்ளும். பழகிய காது ஊகித்துவிடும். ஏழு வயசுக் குழந்தையின் காது தடுமாறும். என்னிடம் வந்த ஒரு பெண் மந்தர ஸ்தாயிக்கு இறங்கினாலே சுருதி விலகுவாள். வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரில் அதே செயலியை வயர் போட்டு இணைக்கச் சொன்னேன். சில வாரங்களில் மந்தரத்தில் நிதானமாக நிற்கத் தொடங்கிவிட்டாள். பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இதுதான் என் யோசனை: செயலி இருக்கட்டும், ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

வீடியோ வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். வீடியோ வகுப்புக்கான செயலிகள் விடாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அறுத்துவிடும். தம்புராவும் அதில் அடிபடும். மாணவருக்குச் சுருதியே கேட்காது. செட்டிங்கில் போய் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனிச் சுருதிப்பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

உண்மையான தம்புரா கிடைத்தால் விடாதீர்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலை நகர்த்தி, ஒரு புள்ளியில் தந்தி திடீரென்று சுடர்விட்டுப் பாடத் தொடங்குமே, அந்த ஜீவாளி வைப்பதைக் குழந்தைகள் தங்கள் கையால் ஒரு முறை செய்ய வேண்டும். என் வகுப்பில் அது கட்டாயம்.

வேலந்தாவளத்திலிருந்து:

நான் வாசிப்பவனும் இல்லை, பாடுபவனும் இல்லை. கேட்பவன். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. தம்பிகளே, ஒரு நல்ல மீடியம்வேவ் ரேடியோவை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். கோவை வானொலியை 999 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. சாயங்காலம் ஆனால் திருச்சி 936-உம் இழுத்துக்கொண்டு வரும்.

ரேடியோவுக்குள் படுக்கைவாக்கில் ஒரு கறுப்புக் கம்பி இருக்கும், பெரைட் ராடு. நீட்டி வைத்த ஏரியலால் மீடியம்வேவுக்குப் பயன் இல்லை, இந்தக் கம்பிதான் அலையைப் பிடிக்கிறது. நிலையம் இருக்கும் திசைக்கு அது குறுக்காக நிற்கவேண்டும். அதனால் ரேடியோவையே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் தெளிவாகும். இப்போது தொந்தரவு செய்வது எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும். இரண்டையும் அணைத்தால் கொரகொரப்பு பாதி போகும். கார்த்திகையில் குருவாயூர் ஏகாதசியை ஒட்டிச் செம்பை சங்கீத உற்சவம், அதில் பஞ்சரத்தின கீர்த்தனைகளை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். அன்றைக்கு வீட்டில் டிவி கிடையாது. ரேடியோவில் சரியாகக் கிடைக்காதவர்கள் ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கேட்கலாம், பேரன் அப்படித்தான் கேட்கிறான்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

சின்னதாக ஒன்று. குழந்தைகளை மேளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து காதுக்கு ஏதாவது போட்டுவிடுங்கள். செண்டை வரிசைக்கு முன்னால் அப்பாவின் தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தைகளை ஒவ்வொரு வேலாவிலும் பார்க்கிறேன். சின்னக் குழந்தைக்குக் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் மாதிரியான காப்பு கிடைக்கிறது. பெரியவர்கள் பஞ்சு அடைத்தால் இலத்தாளம் என்கிற ஜால்ராவின் மினுமினுப்பு போய்விடும். இசைக்காரர்களுக்கென்று பில்டர் வைத்த இயர்பிளக் உண்டு, அது எல்லா ஸ்தாயியையும் ஒரே சீராகக் குறைக்கும். மேளம் மேளமாகவே கேட்கும், மறுநாள் காதில் 'ஙொய்' இருக்காது. அப்புறம், கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு ஒரு கேள்வி: அந்த ரெக்கார்டரை இப்போது வாங்கலாமா, புதிது வந்துவிட்டது என்கிறார்களே? கார்டு எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

காது விஷயம் ரொம்ப அவசியமானது, நன்றி. இயர்பிளக்கை நானும் மேளத்துக்குப் போட்டுக்கொள்கிறேன்.

புதியது எச்1 எசென்ஷியல், 2024-இல் வந்தது. 32-பிட் ப்ளோட் என்ற முறையில் பதிவதால் அளவு வைக்கும் திருகே அதில் இல்லை. மெலிசான இடக்கையும் ஓங்கின செண்டையும் ஒரே பதிவில் கெடாமல் வரும், வீட்டில் வந்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: மைக்கே தாங்காத சத்தத்துக்கு எந்தப் பிட்டும் உதவாது. வெடிக்கட்டுக்குக் கிட்டே போய் நிற்காதீர்கள். ஏற்கெனவே எச்1என் வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. செண்டை உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி திருகை வைத்தால் போதும்.

கார்டு 32 ஜிபி போதும். எச்1என்-இல் 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும், ஆக ஏறக்குறைய முப்பது மணி நேரம் பிடிக்கும். எம்பி3-யில் பதியாதீர்கள், இலத்தாளம் தகரச் சத்தமாகிவிடும். கார்டைவிட முக்கியம் மைக்குக்கு மேலே போடுகிற பஞ்சு உறை, நம்ம கணவாய்க் காற்றில் அது இல்லாமல் பெட்டியை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். வறட்டுக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பஞ்சு போதாது, ரோமம் வைத்த உறையாக வாங்கிக்கொள்ளுங்கள்.