பத்து நாள் ஊருக்குப் போகிறேன்: பூனையை வீட்டில் விடுவதா, போர்டிங்கில் விடுவதா?

மாடிவீட்டுக்காரன்
அக்கா மகள் கல்யாணம், திருநெல்வேலியில். முன்னே பின்னே சேர்த்துப் பத்து நாள் ஆகும். கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மயிலாப்பூரில் இரண்டாம் மாடி வீடு. நானும் பூனையும் மட்டும்தான். பெயர் வேதாளம், நாலு வயது ஆண், கருத்தடை ஆகிவிட்டது, எடை 6 கிலோவுக்கு மேல். வெளியே விட்டதே இல்லை. எதிர்வீட்டு மாமி சாவி வாங்கிக்கொண்டு தினம் ஒரு வேளை சாப்பாடு வைக்கிறேன் என்கிறார். ஆபீஸ் நண்பர், காசு வாங்கிக்கொண்டு பூனையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்தான் சரி என்கிறார். எதைச் செய்யலாம்?

கரிசல்
தம்பி, இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எங்கள் வீட்டில் எப்போதும் நாலைந்து பூனை இருக்கும். குலதெய்வக் கோயிலுக்கு வாரக்கணக்கில் போனாலும் யாரும் கவலைப்பட்டதில்லை. ஒரு சட்டி தண்ணீர், ஒரு தட்டு சாப்பாடு வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது திண்ணையில் படுத்திருக்கும்.

அம்பத்தூர் அனு
அண்ணா, உங்கள் பூனைக்குத் திண்ணை இருந்தது, எலி இருந்தது, அடுத்த வீட்டு மீன்கழுவும் இடமும் இருந்தது. இது பாக்கெட் தீனி தின்று ஆறு கிலோ ஏறிய மாடிப்பூனை. ஜன்னலைத் திறந்தால் கீழேதான் விழும்.

குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து படுத்துவிடும். அதனால் தட்டை நிரப்பிவிட்டுப் போவது வேலைக்கு ஆகாது. சாப்பிட்டதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். என் ஓட்டு மாமிக்குத்தான். பூனைக்கு ஆள் மாறினாலும் தாங்கும், இடம் மாறினால்தான் தாங்காது.

வேலு வேளச்சேரி
அனு மேடம் சொல்வதை நம்பித்தான் போன வருஷம் நானும் வீட்டிலேயே விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தங்கமானவர், ஒரு நாள்கூடத் தவறவில்லை. கதவைத் திறப்பார், தட்டை நிரப்புவார், பூட்டுவார். நாலாம் நாள் தற்செயலாகத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போயிருக்கிறார். பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மண்தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டு வரவில்லை. மூத்திரப்பாதை அடைப்பு. ஆண் பூனைக்கு இது வந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். குழாய் போட்டுக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து டாக்டர் கூடவே இருக்கிற போர்டிங் தவிர வேறு எதற்கும் நான் தயாரில்லை. வேதாளமும் ஆண் பூனைதான், ஞாபகம் இருக்கட்டும்.

அம்பத்தூர் அனு
சார், அந்த அடைப்புக்குப் பதற்றமும் ஒரு காரணம். கூண்டில் அடைத்து, பக்கத்தில் நாலு நாய் ராத்திரி முழுக்கக் குரைத்தால் பதற்றம் குறையுமா, கூடுமா? என் பூனையை ஒருமுறை விட்டேன். இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. தும்மலோடு வீடு வந்தது, எனக்கு மூன்று வாரம் சொட்டு மருந்து போடும் வேலை.

வேலு வேளச்சேரி
தடுப்பூசி போட்டிருந்தீர்களா?

அம்பத்தூர் அனு
ரேபிஸ் மட்டும். சரி, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மாடிவீட்டு சார், இதைக் கவனியுங்கள். மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி இதுவரை போடவே இல்லை என்றால், மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும். ஐந்து வாரம் என்பது மட்டுமட்டான கணக்கு. எங்கே விடுவதாக இருந்தாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

வேலு வேளச்சேரி
பூனையைத் தூக்கிப்போகும் கூடையையும் இன்றே பரணிலிருந்து இறக்குங்கள். கிளம்பும் அன்று இறக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், கை முழுக்கக் கீறல்தான் மிச்சம். அதன் கதவைக் கழற்றிவிட்டுக் கூடையை ஹாலில் வைத்து, உள்ளே உங்கள் பழைய லுங்கியைத் துவைக்காமல் போடுங்கள். என் பூனை முதல் வாரம் சுற்றி வந்து முகர்ந்தது. இரண்டாவது வாரம் தலையை மட்டும் விட்டு லுங்கியைப் பிறாண்டியது. மூன்றாவது வாரம் மத்தியானத் தூக்கமே அதற்குள்தான். வீட்டில் விட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட இந்தக் கூடைதான் வேண்டும்.

கரிசல்
இரண்டு பேரும் கடைசியில் ஒரே செலவுக் கணக்கைத்தான் சொல்கிறீர்கள். பேசாமல் கல்யாணத்துக்கே தூக்கிக்கொண்டு போகலாமே?

மாடிவீட்டுக்காரன்
கல்யாண வீட்டில் கதவு மூடியா இருக்கும், அண்ணா? நாதஸ்வரம் ஆரம்பித்ததும் வேதாளம் எந்த மரத்தில் ஏறுமோ. ஊசி ரேபிஸ் மட்டும்தான் போட்டிருக்கிறேன், நாளைக்கே போகிறேன்.

மாமி விஷயத்தில் ஒரு சிக்கல். சாப்பாடு வைப்பார், ஆனால் மண்தட்டைத் தொட மாட்டேன், குளித்துவிட்டு வந்தவள் என்கிறார்.

வேலு வேளச்சேரி
அப்படியானால் மாமி சரிவராது. விஷயமே அந்த மண்தட்டில்தான் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு காலியானால் பூனை தின்றதா எறும்பு தின்றதா என்று தெரியாது. மூத்திரம் பட்டால் கட்டிப்படும் மண் போட்டு, தினம் எத்தனை கட்டி என்று எண்ண வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் அன்றைக்கே டாக்டர்.

அம்பத்தூர் அனு
இதில் வேலு சார் பக்கம்தான் நானும். ஆனால் அதற்காகப் போர்டிங்குக்குத் தாவ வேண்டாம். மண்ணுக்கு வேறு ஆள் பிடியுங்கள். மாமிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வெங்காயம், பூண்டு போட்ட எதுவும் கூடாது. அந்துருண்டை கூடாது. வாடியிருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது, பூனைக்கு அது விஷம். ஈரத்தீனி நம் வெயிலில் சீக்கிரம் கெடும், மிச்சத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் வையுங்கள். முக்கியமாக, ஒரு சனி ஞாயிறு நீங்கள் வெளியே தங்கி ஒத்திகை பாருங்கள்.

மாடிவீட்டுக்காரன்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் ஊசி ஆயிற்று, அடுத்தது வரும் வெள்ளி. கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண் சாயங்காலம் மண் அள்ள ஒத்துக்கொண்டாள். காலையில் மாமி. டாக்டர் நம்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டியாயிற்று. போன சனிக்கிழமை ஒத்திகைக்காகத் தாம்பரத்தில் நண்பர் வீட்டில் தங்கினேன். முதல் நாள் வேதாளம் பரணை விட்டு இறங்கவில்லையாம். ராத்திரியில் தீனி மட்டும் குறைந்திருக்கிறது.

வேலு வேளச்சேரி
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. போர்டிங்கில் ஓர் இடம் சொல்லி வையுங்கள், வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம்.

மாடிவீட்டுக்காரன்
சொல்லி வைத்துவிட்டேன், சார். ஆனால் ஞாயிறு காலை மாமியிடமிருந்து வாட்ஸப் வந்தது. மண்தட்டைத் தள்ளி நின்று படம் எடுத்து, கீழே எழுதியிருக்கிறார்: "நான் தொடலை. எண்ணிட்டேன். மூணு."