மாமா விட்டுச் சென்ற கிற்றாருக்குப் புதுக் கம்பி போடலாமா?

கொட்டடி மதி:

வணக்கம். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கிற்றார் கிடந்தது. மாமா 1998இல் கனடாவுக்குப் போகும்போது அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது. இறக்கித் துடைத்துப் பார்த்தேன். கழுத்து அகலமானது. தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு திறப்புகள், முறுக்காணிகள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

கம்பிகள்தான் குழப்பம். தடித்த மூன்றும் சுருள் சுற்றியவை, கறுத்துவிட்டன. அடுத்தது நைலோன் போல இருக்கிறது. மெல்லிய இரண்டும் இரும்பு. துருப்பிடித்து, ஓடும்வழியெல்லாம் நெளிந்து நெளிந்து இருக்கின்றன. உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பு ஒரு பக்கம் எழும்பி, பஸ் டிக்கெட் ஒன்றை உள்ளே நுழைக்கலாம் போல இடைவெளி. கடையொன்றில் கேட்டேன். இரும்புக் கம்பித் தொகுதி ஒன்றைக் கையில் தந்து, போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

போடலாமா? அல்லது இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது நல்லதா? இங்கே நீண்ட காலம் வாசிப்பவர்கள் இதுவரை எத்தனை கிற்றார் வைத்திருந்தீர்கள், முதலாவது இன்னும் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அறிய ஆசை.


நல்லூர் வயலின்காரி:

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் சொல்வது நைலோன் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிற்றார். ஆறு நைலோன் கம்பிகளும் சேர்ந்து இழுப்பது 40 கிலோவுக்குக் கிட்ட. இரும்புத் தொகுதி 70 கிலோவைத் தொடும். பலகை அதைத் தாங்காது.

பிரிட்ஜை நாங்கள் குதிரை என்போம். வயலினில் கம்பிகளே குதிரையைக் கீழே அமுக்கிப் பிடிக்கும், பசையே தேவையில்லை. கிற்றாரில் அது பசையில் நிற்கிறது; கம்பிகள் நாள் முழுவதும் அதைப் பிய்த்தெடுக்கப் பார்க்கும். இன்றைக்கே ஆறையும் தளர்த்திவிடுங்கள்.


குருநகர் ஸ்தாயி:

பிள்ளை, அந்த இரண்டும் கிற்றார்க் கம்பியே அல்ல. சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்தெடுத்த இழைகள். நெளிந்து நெளிந்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் விரல் நுனி கூசியது. நைலோன் போல என்கிறீர்களே, அது தங்கூசி, மீன்பிடி நூல். கட்டியவர் யாராக இருந்தாலும் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வாழ்ந்த ஆள்.

எத்தனை வைத்திருந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஐந்து என் கையில் இருந்தன. காசு கொடுத்து வாங்கியவை இரண்டுதான்.

முதலாவது கோயிலுடையது. எண்பதுகளின் நடுவில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது எனக்கு வயது பதினைந்து. அதுவும் உங்களுடையது போல நைலோன் கம்பிக் கிற்றார்தான். அப்பா கடற்றொழில் செய்தவர் என்பதால் தங்கூசிக்குக் குறைவில்லை. முதற் கம்பிக்கு 0.7 மில்லிமீற்றர், இரண்டாவதற்கு 0.8, மூன்றாவதற்கு 1.0. அளவு சரிதான், ஆனால் தங்கூசி மீனுக்காகச் செய்தது. நீளம் முழுவதும் ஒரே கனமாக இருக்கவேண்டும் என்று எவரும் கவலைப்படுவதில்லை. திறந்த கம்பியில் சுருதி சேரும், கழுத்தின் குறுக்குக் கட்டைகளில் பன்னிரண்டாவது பிரெட்டில் பிடித்தால் விலகிவிடும். நாங்கள் ஐந்தாவது பிரெட்டுக்கு மேல் போகாமலே பூசைப் பாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். ஆறு பையன்கள் அதில் பழகினோம். வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு, அடிப்பலகையில் பென்சிலால் ஆளுக்கொரு பெயர் எழுதிவைத்தோம். பொப்பிசை உச்சத்தில் இருந்த காலம் அதற்குக் கொஞ்சம் முந்தியது. பொப் பாடகர் நித்தி கனகரத்தினம் போல வரவேண்டும் என்பது ஆறு பேருக்கும் ஆசை. எவரும் வரவில்லை.

இரண்டாவது நான் வாங்கியது, இரும்புக் கம்பிக் கிற்றார். வலைக்கூலியில் சேர்த்த காசு. அதைப் பற்றிப் பிறகு.

மூன்றாவது மின்கிற்றார். 1990இல் கூட்டாளி ஒருவன் வெளிநாடு போகும்போது, பத்திரமாக வைத்திரு என்று பாரம் கொடுத்துவிட்டுப் போனான். ஜப்பானில் செய்தது, தலையில் இருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. அவன் போன சில வாரங்களில் போர் திரும்பவும் தொடங்கியது, யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. நின்றது என்றால் ஆண்டுக்கணக்கில். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம் அது. மின்சாரம் இல்லாத ஊரில் மின்கிற்றார் வெறும் பலகை. கொசு முனகுவதைப் போலத்தான் கேட்கும். ஒருநாள் தற்செயலாக அதன் தலை அம்மாவின் அலுமாரிக் கதவில் முட்டியது. அலுமாரி முழுவதும் பாடியது! அதன்பிறகு தலையைக் கதவில் முட்டக் கொடுத்துக்கொண்டுதான் வாசிப்பேன். உள்ளே சேலைகள் குறைவாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்பது என் கண்டுபிடிப்பு. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

கம்பி அறுந்தால் பிரேக் வயர். ஓர் இழை முதற் கம்பியின் கனத்துக்குக் கிட்ட வரும். மற்ற இழைகளோடு முறுக்குண்டு கிடந்ததால் எவ்வளவு இழுத்தாலும் நெளிவு போகாது, அதனால் சுருதி ஒருபோதும் சுத்தமாக நிற்காது. தடித்த கம்பிகளுக்கு மாற்றே இல்லை. அவற்றைக் கழற்றி வெந்நீரில் அவித்தால் சுருளுக்குள் ஏறிய அழுக்கு இறங்கும், சில நாட்களுக்கு உயிர் வரும்.

1995 அக்டோபர் 30. போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வீதியில் நின்ற இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மழை. ஒரு சைக்கிள், அம்மா, இரண்டு பைகள், ஒரு கிற்றாருக்குத்தான் இடம். நான் கூட்டாளியுடையதை எடுத்தேன். என்னைப் பெரிய மனிதனாக நினைக்கவேண்டாம். அது கட்டை மரம், நனைந்தாலும் பிரியாது. மெலிந்தது, சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டலாம். என்னுடையது பெட்டிபோல ஊதியது. ஆனால் கட்டும்போது, இதைத் தொலைத்தால் அவனுக்கு என்ன சொல்வது என்ற நினைப்பும் இருந்தது. உரப்பையில் சுற்றிக் கட்டினேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அரிசிப் பைக்குப் பதிலாக இதைக் கட்டினாயே என்று அம்மா சாவகச்சேரி வரையும் ஏசிக்கொண்டே வந்தார்; நியாயமான ஏச்சு. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது என் கிற்றார் வீட்டில் இல்லை. அலுமாரியும் இல்லை.

மின்சாரம் திரும்பியபின் ஒரு கலியாண வீட்டில் அந்த மின்கிற்றாரை அம்பிளிபயரில் பூட்டினேன். வந்த சத்தத்தில் முன்வரிசையில் இருந்த குழந்தை அழுதது. ஐந்தாறு ஆண்டுகள் அலுமாரிக்குக் கேட்கவேண்டும் என்று அடித்துப் பழகிய கை, மெல்லத் தொடத் தெரியவில்லை. அதை மறக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போதும் கோபம் வந்தால் வலக்கை பழையபடி ஓங்குகிறது.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்ததும் கூட்டாளி வந்து அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். பிரேக் வயரைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோனான்.

நான்காவதும் பாரம் கொடுத்ததுதான், பன்னிரண்டு கம்பி. கழுத்து வளைந்திருந்ததால் ஆறு கம்பி மட்டும் போட்டு வாசித்தேன். உரியவர் சொன்ன பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது யமஹா எஃப் 310. 2003இல் கொழும்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தேன். முகமாலைச் சோதனைச் சாவடியில் அதைக் குலுக்கிப் பார்த்து, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். பைலா வாசித்தேன். இன்றுவரை அதுதான் என்னிடம் இருக்கிறது. சோளகக் காற்றுக் காலத்தில் கம்பி இரண்டு கிழமையில் துருவேறும், வாசித்தபின் துணியால் துடைத்துவைப்பேன். வேறு குறை இல்லை.

விற்பதா என்று கேட்டிருந்தீர்கள். விற்கமுன் மாமாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.


அரியாலைத் தச்சன்:

ஸ்தாயி அண்ணா கதையில் பசையை மறந்துவிட்டார். தங்கச்சி, எழும்பிய இடைவெளிக்குள் பசையை ஊற்றி அமத்தவேண்டாம், பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பிரிட்ஜை முழுதாகக் கழற்ற வேண்டும். மெல்லிய தகட்டுக் கத்தியைச் சூடாக்கி, எழும்பிய பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினால் பசை இளகும். அவசரப்பட்டால் பலகை நார் நாராகக் கூடவே வரும். இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி, மரம் மரத்தில் படும்படி மரப்பசை பூசி, இறுக்கிகளால் ஒரு முழு நாள் இறுக்கிவையுங்கள். உடனே ஒட்டும் பசை தப்பித்தவறியும் வேண்டாம். முதன்முறை செய்பவர் என்றால் ஆளிடம் கொடுங்கள்.


கொட்டடி மதி:

எல்லோருக்கும் நன்றி. கம்பிகளைத் தளர்த்திவிட்டேன். இரும்புத் தொகுதியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காசு தரவில்லை, நைலோன் தொகுதி வந்ததும் மாற்றித் தருவார்களாம்.

நேற்றிரவு மாமாவுடன் கதைத்தேன். பிரேக் வயர்தான் என்று ஒப்புக்கொண்டார். அம்மப்பாவின் சைக்கிளிலிருந்து எடுத்ததாம். மறுநாள் காலை அம்மப்பா ஒழுங்கை முடிவில் வேலிக்குள் போய் விழுந்த பிறகுதான் வீட்டில் விடயம் தெரிந்ததாம். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

விற்கட்டுமா என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கிற்றார் அவருடையதே இல்லையாம். அவருக்கு முன்பே வெளிநாடு போன ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிறார். திருத்தும் செலவை அனுப்புகிறாராம், விற்கமட்டும் வேண்டாமாம்.


குருநகர் ஸ்தாயி:

பிரிட்ஜைக் கழற்றமுன் வட்ட ஓட்டைக்குள் ரோர்ச் லைற்றை அடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றையும் விட்டுப் பாருங்கள் பிள்ளை. அடிப்பலகையிலும் பாருங்கள், மேற்பலகையின் உட்பக்கமும் பாருங்கள். பென்சில் எழுத்து அவ்வளவு சுலபமாக அழியாது.